கிரிப்டோ சமூகங்களில் இறுதி அதிகாரம் யாருக்கு? தலைமையின் சுதந்திரமும் உறுப்பினர்களின் கண்காணிப்பும்: மும்பையில் பிறந்த ‘பாலிகான்’ காட்டும் வழி

மும்பை, கிங்ஸ் சர்க்கிள்: ஒரு குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி நள்ளிரவில் உடைந்தால், அதைச் சரிசெய்யப் பொதுக்குழு கூடும் வரை எவரும் காத்திருப்பதில்லை. செயலாளர் ஆளை அழைத்து வேலையை முடிக்கிறார். பின்னர் ரசீதைக் கமிட்டியின் முன் வைக்கிறார். ஆனால் அதே செயலாளர் பொதுக்குழுவைக் கேட்காமல் சங்கத்தின் வைப்பு நிதியை வேறிடத்தில் முதலீடு செய்தால், உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தலைமை தானாக முடிவெடுக்கலாம் என்னும் எல்லை எங்கு முடிகிறது, உறுப்பினர்களின் ஒப்புதல் எங்கு தொடங்குகிறது என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இதே கேள்வியைத்தான் உலகெங்கும் உள்ள கிரிப்டோ நாணயச் சமூகங்கள் இன்று எதிர்கொள்கின்றன. கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள பொது நிதியையும், லட்சக்கணக்கானோரின் சேமிப்பைத் தாங்கும் மென்பொருளையும் நிர்வகிக்கும் இந்தச் சமூகங்களில், யார் முடிவெடுக்கலாம், யார் தடுக்கலாம் என்பதில் தெளிவு இல்லாதபோது இழப்பு பயனாளர்களையே சென்றடைகிறது. மும்பையில் தொடங்கி உலக அளவில் வளர்ந்த ‘பாலிகான்’ பிளாக்செயின் வலையமைப்பின் வரலாறு, இந்தச் சமநிலையின் பல கட்டங்களை ஒரே இடத்தில் காட்டுகிறது.

மும்பையில் பிறந்த வலையமைப்பு

ஜெயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் ஆகியோர் 2017ஆம் ஆண்டு ‘மேட்டிக் நெட்வொர்க்’ என்ற பெயரில் இந்தத் திட்டத்தைத் தொடங்கினர். எத்தீரியம் வலையமைப்பில் பரிவர்த்தனைக் கட்டணம் அதிகமாகவும் வேகம் குறைவாகவும் இருந்த நிலையில், அதனோடு இணைந்து இயங்கும் விரைவான துணை வலையமைப்பை உருவாக்குவதே நோக்கம். 2021 பிப்ரவரியில் திட்டத்தின் பெயர் ‘பாலிகான்’ என மாற்றப்பட்டது. மென்பொருள் உருவாக்குநர்கள் சோதனை செய்து பார்ப்பதற்கான அதன் வலையமைப்புக்கு ‘மும்பை’ என்றே பெயரிடப்பட்டிருந்தது. 2024இல் அது மூடப்பட்டு, ‘அமோய்’ என்னும் புதிய சோதனை வலையமைப்பு அதன் இடத்துக்கு வந்தது.

பாலிகானில் அதிகாரம் ஓரிடத்தில் இல்லை. டோக்கன்களைப் பிணையாக வைத்துப் பரிவர்த்தனைகளை உறுதிசெய்யும் சரிபார்ப்பாளர்கள் ஒருபுறம். மென்பொருளை எழுதும் நிறுவனம் மறுபுறம். நிதியையும் திட்டத்தின் திசையையும் கவனிக்கும் அறக்கட்டளை மூன்றாவது. டோக்கன் வைத்திருப்போரும் பயனாளர்களும் நான்காவது. இவர்களில் யார் எதைத் தீர்மானிக்கலாம் என்பது ஒரே நாளில் முடிவானதல்ல. நெருக்கடிகளே அதை வடிவமைத்தன.

ரகசியமாகச் செய்த பழுது

2021 டிசம்பர் 3 அன்று, பாலிகானின் மென்பொருளில் மிகப் பெரிய பிழை இருப்பதாக ஓர் ஆய்வாளர் தகவல் தெரிவித்தார். அப்போது நிலவிய மொத்த 1,000 கோடி மேட்டிக் டோக்கன்களில் சுமார் 927 கோடி டோக்கன்கள் களவாடப்படும் அபாயம் அதில் இருந்தது. அன்றைய சந்தை விலையில் அவற்றின் மதிப்பு 2,000 கோடி டாலருக்கும் அதிகம்.

தலைமையின் முன் இருந்த வழிகள் இரண்டே. பிழையைப் பகிரங்கமாக அறிவித்துச் சமூகத்தின் ஒப்புதலைப் பெற்றுத் திருத்துவது ஒன்று. ஆனால் அறிவிப்பே திருடர்களுக்கு வழிகாட்டியாகிவிடும். சரிபார்ப்பாளர்களுடன் மட்டும் பேசி, காரணத்தை வெளியிடாமல் மென்பொருளை மாற்றுவது மற்றொன்று. பாலிகான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. டிசம்பர் 5 அன்று வலையமைப்பு முழுவதும் புதிய மென்பொருளுக்கு மாறியது. அதற்குள் ஒரு திருடர் 8,01,601 டோக்கன்களை எடுத்துச் சென்றிருந்தார். அந்த இழப்பை அறக்கட்டளை ஏற்றது. பிழையைக் கண்டறிந்தவர்களுக்குச் சுமார் 34.6 லட்சம் டாலர் மதிப்பிலான வெகுமதி வழங்கப்பட்டது. முழு விவரமும் டிசம்பர் 29 அன்று வெளியிடப்பட்டது.

இந்த நிகழ்வு இரு தரப்புக்கும் சான்றாயிற்று. தலைமைக்கு விரைந்து செயல்படும் உரிமை இல்லாதிருந்தால் வலையமைப்பே அழிந்திருக்கும் என்பது ஒரு தரப்பின் வாதம். ஒரு சிலர் கூடி, காரணம் கூறாமல் வலையமைப்பை மாற்ற முடியுமென்றால் அது பரவலாக்கப்பட்ட அமைப்பா என்பது மறுதரப்பின் கேள்வி. இரண்டிலும் உண்மை இருந்தது. விரைவு தேவைப்பட்டது, ஆனால் எத்தகைய நெருக்கடியில், எத்தனை பேரின் ஒப்புதலுடன், எத்தனை நாளுக்குள் கணக்குக் காட்டவேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதும் தேவையாயிற்று.

பதின்மூவர் குழு

அதற்கான விடைகளில் ஒன்றாக 2023 அக்டோபரில் ‘புரோட்டோகால் கவுன்சில்’ என்ற 13 பேர் கொண்ட குழு அறிவிக்கப்பட்டது. எத்தீரியத்தில் உள்ள பாலிகானின் ஒப்பந்த மென்பொருள்களை மாற்றும் அதிகாரம் இக்குழுவின் கீழ் கொண்டுவரப்பட்டது. வழக்கமான மாற்றத்துக்கு 13 பேரில் 7 பேரின் ஒப்புதல் போதும். ஆனால் அது உடனே நடைமுறைக்கு வராது. 10 நாள் காத்திருப்புக்குப் பின்னரே செயலாகும். அவசர மாற்றத்துக்குக் காத்திருப்பு இல்லை. ஆனால் 10 பேரின் ஒப்புதல் வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் உட்பொருள் எளிது. அதிக விரைவு வேண்டுமானால் அதிகக் கையொப்பங்கள் வேண்டும். குறைந்த கையொப்பங்கள் போதுமானால் அதிக நாள் காத்திருக்க வேண்டும். அந்த 10 நாள் ஓர் அலங்காரமல்ல. மாற்றத்தை விரும்பாத பயனாளர் தம் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுவதற்கான அவகாசம் அது. வாக்குரிமை இல்லாத எளிய பயனாளருக்கும் கிடைக்கும் ஒரே உறுதியான பாதுகாப்பு அதுவே.

பொது நிதியிலும் மாற்றம் வந்தது. 2024 செப்டம்பர் 4 முதல் மேட்டிக் டோக்கனுக்குப் பதிலாக ‘பிஓஎல்’ டோக்கன் நடைமுறைக்கு வந்தபோது, ஆண்டுக்கு 2 சதவீதம் புதிய டோக்கன்கள் உருவாக்கப்படும் என்றும், அதில் பாதி சரிபார்ப்பாளர்களுக்கும் பாதி சமூக நிதிக்கும் செல்லும் என்றும் விதி செய்யப்பட்டது. எவ்வளவு பணம் வரும் என்பது விதியில் இருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்பது நிதிக்கான குழுவிடம் இருக்கிறது.

வைப்பு நிதி விவாதம்

2024 டிசம்பரில் இந்த ஏற்பாடு சோதனைக்கு உள்ளானது. எத்தீரியத்திலிருந்து பாலிகானுக்குப் பணத்தை மாற்றும் ‘பாலத்தில்’ பயனாளர்களின் சுமார் 130 கோடி டாலர் மதிப்பிலான நிலைநாணயங்கள் செயலற்று இருந்தன. அவற்றை வட்டி தரும் திட்டங்களில் ஈடுபடுத்தி, வருவாயை வலையமைப்பின் வளர்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனை விவாதத்துக்கு வைக்கப்பட்டது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. பாதுகாப்புக்காக ஒப்படைத்த பணத்தைப் பயனாளரைக் கேட்காமல் ஆபத்துக்கு உட்படுத்துவதா என்று பலர் கேட்டனர். பாலிகானில் பெருமளவில் கடன் சேவை வழங்கிவந்த ‘ஆவே’ சமூகத்தில், அந்தச் சேவையையே பாலிகானிலிருந்து விலக்கிக்கொள்ளும் முன்மொழிவு எழுந்தது. பரவலான எதிர்ப்புக்குப் பின் அந்த யோசனை நிறைவேறவில்லை.

டோக்கன் வாக்கெடுப்பு எதுவும் இதைத் தடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முடிவெடுப்பதற்கு முன்பே யோசனை எழுத்தில், பகிரங்கமாக வைக்கப்பட்டதே தடுத்தது. வாக்குப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் கண்காணிப்பு, விவாதத்துக்கான அவகாசம்.

மீண்டும் ஒரே தலைமை

2025 ஜூன் மாதம் மற்றொரு திருப்பம். அதுவரை குழுவாக நிர்வகிக்கப்பட்ட பாலிகான் அறக்கட்டளைக்கு முதல் தலைமை நிர்வாக அதிகாரியாக சந்தீப் நைல்வால் பொறுப்பேற்றார். தொடக்க கால நிறுவனர்கள் பலர் அதற்குள் அன்றாடப் பணிகளிலிருந்து விலகியிருந்தனர். போட்டி வலையமைப்புகள் வேகமாக முன்னேறும் சூழலில் தெளிவான ஒற்றைத் திசை தேவை என்பதே இம்மாற்றத்துக்குக் கூறப்பட்ட காரணம். அதே சமயத்தில், எதிர்பார்த்த வளர்ச்சியை எட்டாத ஒரு துணை வலையமைப்பை 2026இல் மூடும் முடிவும் அறிவிக்கப்பட்டது.

குழு நிர்வாகம் பொறுப்பைப் பகிர்ந்தளிக்கிறது; ஆனால் தவறுக்கு யார் பொறுப்பு என்பதையும் மங்கலாக்கிவிடுகிறது. ஒற்றைத் தலைமை திசையைத் தெளிவாக்குகிறது; பொறுப்பையும் ஒருவர் தோளில் ஏற்றுகிறது. எனவே ஒருவர் தலைமை ஏற்பது தன்னளவில் குறையன்று. அவரை மாற்றும் வழி உறுப்பினர்களிடம் இருக்கிறதா, ஒப்பந்த மென்பொருளை மாற்றும் திறவுகோல் அவரிடமிருந்து தனித்து இருக்கிறதா என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள். அறக்கட்டளையின் தலைமையும் பதின்மூவர் குழுவும் தனித்தனி அமைப்புகளாக இருப்பது அந்த வகையில் முக்கியத்துவம் பெறுகிறது.

கூட்டுறவுச் சங்கம் அறிந்த விதிகள்

கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத் தமிழர்களுக்கு உறுப்பினர் நிர்வாகம் புதிதன்று. 1932இல் தொடங்கப்பட்ட சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி, 1952இல் தொடங்கப்பட்ட ஷண்முகானந்தா நுண்கலை சங்கீத சபா ஆகியவை இவ்வட்டாரத்தில் பலர் கூடி எழுப்பிய அமைப்புகள். இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களாக இயங்குகின்றன.

அச்சங்கங்களை ஆளும் 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், தலைமைக்கும் உறுப்பினருக்கும் இடையிலான எல்லையை விரிவாக வரையறுக்கிறது. இறுதி அதிகாரம் பொதுக்குழுவுக்கு உரியது. பங்கு எவ்வளவு இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. ஆண்டுப் பொதுக்கூட்டம் உரிய காலத்துக்குள் நடந்தாக வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுத்தில் கேட்டால் சிறப்புப் பொதுக்கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும். கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்பட வேண்டும். இவை அனைத்தும் தவறினால் முறையிடப் பதிவாளர் இருக்கிறார்.

கிரிப்டோ சமூகங்கள் பலவற்றில் இவற்றுள் மூன்று இல்லை. ஆளுக்கு ஒரு வாக்கு என்பதற்குப் பதிலாக டோக்கனுக்கு ஒரு வாக்கு. கட்டாயத் தணிக்கைக்குப் பதிலாகத் தாமாக முன்வந்து வெளியிடும் அறிக்கை. பதிவாளருக்குப் பதிலாக மென்பொருள். ஒருவரே ஆயிரம் முகவரிகளை உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதால் ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் விதியை அங்கே நடைமுறைப்படுத்துவது கடினம்.

டோக்கன் வாக்கின் பலவீனங்கள்

எல்லாவற்றையும் உறுப்பினர் வாக்கெடுப்புக்கு விட்டுவிட்டால் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்ற எண்ணத்தை மூன்று நிகழ்வுகள் கேள்விக்குள்ளாக்கின.

2022 ஏப்ரல் 17 அன்று ‘பீன்ஸ்டாக்’ என்னும் அமைப்பில், ஒருவர் ஒரே பரிவர்த்தனைக்குள் திருப்பிச் செலுத்தும் உடனடிக் கடனாகப் பெருந்தொகை பெற்று, அதன் மூலம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான வாக்குகளைத் தம் வசமாக்கினார். அவசர முடிவுக்கான விதியைப் பயன்படுத்தித் தம் முன்மொழிவைத் தாமே நிறைவேற்றினார். அமைப்புக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 18.2 கோடி டாலர். விதிப்படியே நடந்த வாக்கெடுப்பு அது.

2024 ஜூலையில் ‘காம்பவுண்ட்’ சமூகத்தில், அதன் கருவூலத்திலிருந்து 4,99,000 டோக்கன்களை, சுமார் 2.4 கோடி டாலர் மதிப்பில், ஒரு குழுவின் திட்டத்துக்கு மாற்றும் முன்மொழிவு 6,82,191 வாக்குகள் ஆதரவாகவும் 6,33,636 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறியது. பெரும்பான்மையோர் வாக்களிக்காத நிலையில், அதிக டோக்கன் திரட்டிய ஒரு சிலரால் முடிவைத் தீர்மானிக்க முடிந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின், உடன்பாட்டின் பேரில் அது கைவிடப்பட்டது.

2020 மார்ச்சில் ‘ஸ்டீம்’ வலையமைப்பில் நடந்தது சாதாரண முதலீட்டாளரை நேரடியாகத் தொடுவது. வலையமைப்பின் கட்டுப்பாடு குறித்த மோதலில், சில பெரிய வர்த்தகத் தளங்கள் வாடிக்கையாளர்கள் தங்களிடம் வைத்திருந்த டோக்கன்களைக் கொண்டு வாக்களித்தன. சமூகத்தின் ஒரு பகுதியினர் பிரிந்து ‘ஹைவ்’ என்ற தனி வலையமைப்பைத் தொடங்கினர். வர்த்தகத் தளத்தில் வைத்திருக்கும் டோக்கனின் வாக்கு, திறவுகோல் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இருக்கிறது என்பது அன்று தெளிவாயிற்று.

தலைமை எல்லை மீறியபோது

மறுபுறம், தலைமை தன் எல்லையைத் தானே நீட்டிக்கொண்ட நிகழ்வும் உண்டு. ‘ஆர்பிட்ரம்’ அறக்கட்டளை 2023 மார்ச் இறுதியில், 75 கோடி டோக்கன்களைத் தன் செலவுக்கு ஒதுக்கும் முன்மொழிவைச் சமூகத்தின் வாக்குக்கு வைத்தது. வாக்கெடுப்பு முடியுமுன்பே அதில் 5 கோடி டோக்கன்கள் பயன்படுத்தப்பட்டிருந்தது வெளியானது. வாக்கெடுப்பு அனுமதி கேட்பதற்கன்று, ஏற்கெனவே எடுத்த முடிவை உறுதிசெய்வதற்கே என்று அறக்கட்டளை விளக்கமளித்தபோது கோபம் மேலும் வளர்ந்தது. முன்மொழிவுக்கு எதிராகப் பெரும்பான்மையான வாக்குகள் விழுந்தன.

அதன் பிறகு முன்மொழிவு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, செலவுத் திட்டமும் வெளிப்படைத்தன்மை அறிக்கையும் நிதியைப் படிப்படியாக மட்டுமே விடுவிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டன. ஆர்பிட்ரத்தின் பாதுகாப்புக் குழுவில் 12 பேர். அவசர நடவடிக்கைக்கு 9 பேரின் ஒப்புதல் தேவை. நடவடிக்கைக்குப் பின் அதற்கான காரணத்தை அறிக்கையாக வெளியிட வேண்டும். குழு உறுப்பினர்களை டோக்கன் உரிமையாளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். விரைந்து செயல்படும் உரிமை அங்கே பறிக்கப்படவில்லை. அதனோடு விளக்கம் அளிக்கும் கடமையும் தேர்தலும் இணைக்கப்பட்டன.

தலைக்கணக்கும் தொகைக்கணக்கும்

மும்பையைச் சேர்ந்த ‘வாசிர்எக்ஸ்’ வர்த்தகத் தளத்திலிருந்து 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்பிலான சொத்துகள் களவாடப்பட்டன. இது சமூக நிர்வாகத்தின் கீழ் இயங்கிய அமைப்பன்று, நிறுவனம். இருப்பினும், எஞ்சிய சொத்தைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தின் மீது சிங்கப்பூரில் நடந்த வாக்கெடுப்பு, கிரிப்டோ சமூகங்களுக்கும் ஒரு வழியைச் சுட்டுகிறது.

அங்குள்ள நிறுவனச் சட்டப்படி, இத்தகைய திட்டத்துக்கு இரண்டு பெரும்பான்மைகள் வேண்டும். வாக்களித்தோரில் எண்ணிக்கையால் பாதிக்கு மேல். தொகை மதிப்பால் நான்கில் மூன்று பங்கு. சிறு தொகை வைத்திருப்போர் பலர் சேர்ந்து பெருந்தொகைக்காரரை ஒதுக்க முடியாது. பெருந்தொகைக்காரர் சிலர் சேர்ந்து பலரை நசுக்கவும் முடியாது. இரண்டு அளவுகோல்களிலும் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தபோதும் அதுவே முடிவாகிவிடவில்லை. நீதிமன்றம் முதலில் ஒப்புதல் மறுத்தது. திருத்தமும் மறுவாக்கெடுப்பும் நடந்த பின்னர் 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. வாக்கெடுப்புக்கு மேலும் ஒரு நடுநிலைப் பார்வை இருந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது?

வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை வழங்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018ஆம் ஆண்டு சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. 2022 முதல் மெய்நிகர் சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீத வரியும், பரிவர்த்தனைகளுக்கு 1 சதவீத முன்கூட்டிய வரிப்பிடித்தமும் நடைமுறையில் உள்ளன. 2023 மார்ச்சில் இத்துறை பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. வரியும் கண்காணிப்பும் வந்துள்ளன. ஆனால் டோக்கன் சமூகங்களின் உள் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டம் இல்லை. கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்கு உள்ள பதிவாளர், டோக்கன் உரிமையாளருக்கு இல்லை.

உரிமையோடு பொறுப்பும் வரக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் ‘ஊக்கி’ வழக்கு எடுத்துக்காட்டு. 2023 ஜூனில் அங்குள்ள நீதிமன்றம், டோக்கன் வாக்கின் மூலம் இயங்கிய அச்சமூகத்தைச் சட்டத்தின் முன் பொறுப்பேற்க வேண்டிய அமைப்பாகக் கருதித் தீர்ப்பளித்தது. மென்பொருள்தான் நிர்வகிக்கிறது என்ற வாதம் பாதுகாப்பாக அமையவில்லை.

பணம் போடுமுன் பார்க்க வேண்டியவை

ஒரு டோக்கனின் விலையைப் பார்ப்பவர்கள் அதன் நிர்வாக விதிகளைப் பெரும்பாலும் படிப்பதில்லை. மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து சில கேள்விகள் தெளிவாகின்றன.

• மென்பொருளை மாற்றும் திறவுகோல் எத்தனை பேரிடம் உள்ளது? எத்தனை கையொப்பங்கள் தேவை?

• முடிவுக்கும் செயலுக்கும் இடையே எத்தனை நாள் அவகாசம்? அதற்குள் பணத்தை எடுக்க முடியுமா?

• எது ‘அவசரம்’ என்பது எழுத்தில் வரையறுக்கப்பட்டுள்ளதா? அவசர நடவடிக்கைக்குப் பின் விளக்க அறிக்கை கட்டாயமா?

• பொது நிதியிலிருந்து தலைமை தானாகச் செலவிடக்கூடிய வரம்பு என்ன? கணக்கு எப்போது வெளியாகிறது?

• தலைமையையோ குழு உறுப்பினரையோ நீக்கும் வழி உண்டா? இதுவரை அது பயன்படுத்தப்பட்டிருக்கிறதா?

• கடன் வாங்கிய டோக்கனுக்கும் வர்த்தகத் தளத்தில் உள்ள டோக்கனுக்கும் வாக்குரிமை உண்டா?

இவற்றில் எத்தனைக்கு எழுத்தில் விடை கிடைக்கிறது என்பதே அந்தச் சமூகத்தின் தரத்தைக் காட்டும். தலைமையின் கையைக் கட்டிப்போட்டால் 2021 டிசம்பரைப் போன்ற இரவில் எவரும் காப்பாற்ற முடியாது. கையை முழுதும் அவிழ்த்துவிட்டால் பொது நிதிக்குக் காவல் இல்லை. செயல்படும் உரிமை தலைமையிடமும், அந்த உரிமையின் எல்லையை எழுதும் அதிகாரமும் திரும்பப் பெறும் அதிகாரமும் உறுப்பினர்களிடமும் இருப்பதே, குடியிருப்புச் சங்கம் முதல் பிளாக்செயின் வரை நீடிக்கும் அமைப்புகளின் அடிப்படை.